பிட்சர் கையில் பேட்: பேட்டிங், பன்ட், பேஸ் ஓட்டம் பற்றி ஒரு விவாத இழை

கடைசி இன்னிங்ஸ்:

2016 ஜூலை 31 அன்று சிகாகோ கப்ஸும் சியாட்டில் மரைனர்ஸும் ஆடிய ஆட்டத்தின் பதிவைப் பார்த்து முடித்தேன். 6-0 என்று பின்தங்கியிருந்த கப்ஸ் எப்படியோ சமன் செய்து 12-ஆவது இன்னிங்ஸ் வரை இழுத்துவிட்டார்கள். ஒரு அவுட், மூன்றாம் பேஸில் ஜேசன் ஹேவர்ட். ஒரே ஒரு ரன் போதும். அந்த நேரம் பார்த்து பேட்டோடு வருகிறார் ஜான் லெஸ்டர்.

லெஸ்டர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். அதிலும் பெரிய லீக்கில் தன் முதல் 66 அட்-பேட்டில் (பேட் பிடித்த முறைகளில்) ஒரு ஹிட் கூட அடிக்காமல் சாதனைப் புத்தகத்தில் ஏறியவர். 2015 ஜூலையில் ஜான் லாக்கி பந்தில்தான் முதல் ஹிட் வந்தது. அப்பேர்ப்பட்டவர் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு (மூன்றாவது விழுந்தால் அவுட்) பன்ட் செய்கிறார், அதாவது ஓங்கி அடிக்காமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுகிறார், ஹேவர்ட் ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்துவிடுகிறார், 7-6, ஆட்டம் முடிந்தது.

நான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கியதே 2022-க்குப் பிறகு. பிட்சர் பேட் பிடித்து நேரலையில் பார்த்ததில்லை, பிட்சராகவும் பேட்டராகவும் ஆடும் ஒடானியைத் தவிர. அத்தனை பேரை விட்டுவிட்டு இவரை ஏன் அனுப்பினார்கள்? பேட்டிங்கே வராதவருக்குப் பன்ட் மட்டும் எப்படி வந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்கோர்கார்டு:

அந்த ஆட்டத்தில் பெஞ்சே காலி. அனுப்ப ஆள் இல்லை. டிராவிஸ் வுட் என்ற இன்னொரு பிட்சர் லெஃப்ட் ஃபீல்டில் நின்று, ஐவி படர்ந்த சுவரில் மோதிக்கொண்டு ஒரு கேட்ச் பிடித்தாரே, அதைக் கவனித்தீர்களா? கப்ஸ் மேனேஜர் ஜோ மேடன் அணி நடத்தினால் இப்படித்தான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பன்ட்டும் பேட்டிங்கும் வேறு வேறு வேலை. மணிக்கு 95 மைலில் வரும் பந்தை முழுவீச்சில் அடிக்க, அது எங்கே வரும் என்று அரை நொடிக்குள் கணித்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் பேட் பிடிப்பவருக்கு அந்தக் கணிப்பு வராது. பன்ட்டில் வீச்சே கிடையாது. பேட்டைக் குறுக்கே பிடித்துப் பந்தை அதில் பட வைத்தால் போதும். பயிற்சி செய்தால் வந்துவிடும். பிட்சர்களும் பேட் பிடித்தாக வேண்டியிருந்த நேஷனல் லீக்கில் பிட்சர்கள் பல பேர் தினமும் பன்ட் பயிற்சி செய்ததுண்டு.

டாம் கிளாவினை எடுத்துக்கொள்ளுங்கள். 305 வெற்றி பெற்ற பிட்சர், கூடவே 216 தியாக பன்ட் (தான் அவுட் ஆகி, பேஸில் நிற்பவரை அடுத்த பேஸுக்கு நகர்த்தும் பன்ட்). ஹோம் ரன் அடிப்பவர்களைத்தான் பெண்களுக்குப் பிடிக்கிறது என்று பொருமிக்கொண்டு அவரும் கிரெக் மேடக்ஸும் பேட்டிங் பயிற்சிக்குக் கிளம்பும் விளம்பரம் ஒன்று 90-களின் கடைசியில் ஓடியது. தேடிப் பாருங்கள், இன்றைக்கும் சிரிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பிட்சர்களில் சிறந்த பேட்டருக்கான சில்வர் ஸ்லக்கர் விருதை கிளாவின் நான்கு முறை வாங்கியவர்.

டிஹெச் கட்சி:

ஆகா, தொடங்கிவிட்டார்கள். ஒரு லெஸ்டர் பன்ட்டைக் காட்டி ஐம்பது வருடக் கொடுமையை மறைக்கப் பார்க்கிறீர்கள்.

பிட்சர்கள் பேட் பிடித்த கடைசி சீசன் 2021. அதற்குப் பிறகு எல்லா அணியிலும் அவர்களுக்குப் பதிலாக பேட் பிடிப்பவர் டி.ஹெச். என்ற தனி ஆள். அந்த வருடம் எல்லா பிட்சர்களும் சேர்ந்து வைத்த பேட்டிங் சராசரி .110. ஒன்பது அட்-பேட்டுக்கு ஒரு ஹிட்! சாதாரண பேட்டர்களின் சராசரி .240-ஐ ஒட்டி இருந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவன், இரண்டு அவுட்டில் எட்டாவது பேட்டருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்துவிட்டு (முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்பிவிட்டு), பிட்சர் மூன்று பந்தை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதையா பார்க்க வந்தான்? பாப் பூல் 1962 சீசன் முழுக்க 70 அட்-பேட்டில் பூஜ்யம். ரான் ஹெர்பல் தன் வாழ்நாளில் 206 அட்-பேட்டில் 6 ஹிட். இதெல்லாம் பாரம்பரியமாம்.

மலர்விழி:

கிரிக்கெட் பக்கமிருந்து வருபவள். நம் பத்து, பதினொன்றாம் நம்பர் ஆட்டக்காரர்கள் மாதிரிதானே இது? அவர்களை ஆட விடாமல் இருப்பதில்லையே. டி.ஹெச். என்பது ஐபிஎல் இம்பாக்ட் பிளேயர் மாதிரியா?

அப்புறம், அந்தத் தியாக பன்ட் விஷயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வேண்டுமென்றே அவுட் ஆவதில் என்ன லாபம்?

எண் குருவி:

இம்பாக்ட் பிளேயர் ஒப்பீடு பாதி சரி. டி.ஹெச். என்பவர் பிட்சருக்குப் பதிலாக பேட்டிங் மட்டும் செய்வார், ஃபீல்டிங் கிடையாது, ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலிருந்தே இருப்பார். வித்தியாசம் அளவில்தான். கிரிக்கெட்டில் கடைசி ஆள் ஒரு முறை வருவார், நின்றால் நிற்பார். பேஸ்பாலில் ஒன்பதாவது இடம் ஆட்டத்துக்கு நான்கு தடவை சுற்றி வரும். ஒளித்து வைக்க முடியாது.

தியாக பன்ட் கணக்கு இது. முதல் பேஸில் ஒருவர், யாரும் அவுட் இல்லை என்றால், அந்த இன்னிங்ஸில் மேற்கொண்டு வரும் ரன் சராசரியாக 0.85-ஐ ஒட்டி இருக்கும். பன்ட் செய்து அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தி ஒரு அவுட் கொடுத்தால் அது 0.65-ஐ ஒட்டி இறங்கிவிடும். அதாவது வெற்றிகரமான பன்ட்டே நஷ்டம்தான். நல்ல பேட்டர்கள் பன்ட் செய்வதை அணிகள் நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்தச் சராசரி, பேட் பிடிப்பவர் சராசரி பேட்டர் என்று வைத்துப் போட்ட கணக்கு. பிட்சர் வந்து நின்றால் கணக்கே மாறிவிடும். பத்தில் நான்கு தடவைக்கு மேல் ஸ்ட்ரைக்கவுட். பந்து பட்டாலும் மெதுவாகத் தரையில் உருண்டு இரட்டை அவுட் (ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்) ஆகும் ஆபத்து. அவர் எப்படியும் அவுட் ஆகத்தான் போகிறார், அந்த அவுட்டுக்கு ஒரு பேஸாவது கிடைக்கட்டும் என்பதுதான் தர்க்கம். அதனால் ஒரு அவுட் விழுந்த பிறகும் பிட்சரைப் பன்ட் செய்யச் சொல்வார்கள். வேறு யாரையும் அப்படிச் சொன்னால் மேனேஜருக்கு மறுநாள் நல்ல அர்ச்சனை கிடைக்கும்.

இடக்கைக்காரர்:

வார இறுதி லீக்கில் பையன்களுக்குப் பன்ட் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் கொஞ்சம் வேலை நுணுக்கம்.

பேட்டின் மேல் நுனி எப்போதும் கைப்பிடியை விட உயரமாக இருக்க வேண்டும். நுனி தாழ்ந்தால் பந்து மேலே எழும்பி கேட்ச் ஆகிவிடும். மேல் கையின் விரல்களை பேட்டுக்குப் பின்னால் மடக்கி ஒளித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விரல் நசுங்கும். உயரம் மாற்ற வேண்டுமென்றால் முழங்காலை மடக்க வேண்டும், கையைத் தாழ்த்தக் கூடாது. பந்தை அடிக்க நினைக்காமல் பேட்டால் பிடிப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே போடுவது என்பது அதைவிட முக்கியம். ரன்னர் முதல் பேஸில் இருந்தால் முதல் பேஸ் பக்கம் போடலாம். அந்த ஃபீல்டர் ரன்னரைப் பிடித்து வைக்கப் பேஸிலேயே ஒட்டி நிற்பதால் பந்துக்கு வரத் தாமதமாகும். ரன்னர் இரண்டாம் பேஸில் இருந்தால் மூன்றாம் பேஸ் பக்கம், அந்த ஃபீல்டர் பேஸை விட்டுவிட்டுப் பந்தை எடுக்க ஓடி வருமாறு போட வேண்டும்.

பிட்சர் பேட் பிடித்தால் பன்ட்தான் வரும் என்று மைதானத்துக்கே தெரியும். இரண்டு ஓர ஃபீல்டர்களும் பந்து கிளம்பும்போதே பாதித் தூரம் ஓடி வந்துவிடுவார்கள். எதிர்பார்த்து நிற்கும் அத்தனை பேருக்கும் நடுவில் சரியான இடத்தில் பன்ட் போடுவது லேசான காரியம் இல்லை. சில கெட்டிக்கார பிட்சர்கள் பன்ட் செய்வதுபோல் நின்று, கடைசி நேரத்தில் பேட்டைப் பின்னுக்கு இழுத்து ஓங்கித் தட்டுவார்கள். ஓடி வந்த ஃபீல்டர் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று ஆகிவிடும்.

லெஸ்டர் செய்ததில் இன்னொரு துணிச்சலும் இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு பன்ட் செய்த பந்து கோட்டுக்கு வெளியே போனால் நேராக ஸ்ட்ரைக்கவுட். மற்ற ஃபவுல் அடிகளுக்கு அந்தத் தண்டனை இல்லை.

டிஹெச் கட்சி:

முகத்தைக் காப்பாற்றுவது என்றதும் ஞாபகம் வருகிறது. 2019 ஜூனில் மேக்ஸ் ஷெர்ஸர் பன்ட் பயிற்சியில் பந்தைத் தன் முகத்திலேயே விட்டு மூக்கை உடைத்துக்கொண்டார். 2012-இல் ஏ.ஜே. பர்னெட்டுக்குப் பன்ட் பயிற்சியில் கண்குழி எலும்பு முறிந்தது. லட்சக்கணக்கில் இல்லை, கோடிக்கணக்கில் டாலர் சம்பளம் வாங்கும் கை. அதை வைத்துக்கொண்டு ஏன் இந்த விளையாட்டு?

பழைய ஸ்கோர்கார்டு:

ஷெர்ஸர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. மறுநாளே கறுத்துப்போன கண்ணோடு வந்து ஃபில்லிஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் வீசினார். ரன் எதுவும் கொடுக்கவில்லை. 10 ஸ்ட்ரைக்கவுட்.

பிட்சர் என்றால் பேட்டிங் வராது என்பது விதி ஒன்றும் இல்லை. வெஸ் ஃபெர்ரல் 1931-இல் ஒரே சீசனில் 9 ஹோம் ரன் அடித்தார். பிட்சராக ஆடி ஒரு சீசனில் அதிகம் அடித்தவர் இன்றும் அவர்தான். வாழ்நாளில் 38 ஹோம் ரன், சராசரி .280. அவருடைய அண்ணன் ரிக் ஃபெர்ரல் கேட்சர், ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர், அவர் அடித்த ஹோம் ரன் 28. தம்பிக்கு அந்த மரியாதை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டு விசேஷங்களில் இதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ!

வாரன் ஸ்பான் 363 ஆட்டம் வென்றார். பேட்டிங்கில் அவர் எடுத்த ஹிட்டும் 363. ஹோம் ரன் 35. வால்டர் ஜான்சன் 1925-இல், 37 வயதில், சராசரி .433 வைத்தார். ரெட் ரஃபிங் சுரங்க விபத்தில் ஒரு காலின் நான்கு விரல்களை இழந்தவர். அதற்கு முன்னால் அவர் அவுட்ஃபீல்டர். ஓட முடியாமல் போனதால் பிட்சர் ஆனார், ஆனால் பேட்டை விடவில்லை. 36 ஹோம் ரன், யாங்கீஸ் அணி அவரை மற்றவர்களுக்குப் பதிலாக பேட் பிடிக்க அனுப்பியதும் உண்டு.

டாட்ஜர்ஸ் அணியின் டான் நியூகோம்ப் 1955-இல் 20 ஆட்டம் வென்றதோடு சராசரி .359, 7 ஹோம் ரன். அதே வருடம் ஹோம் பிளேட்டையே திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலேயே ஓடி வந்து சேர்ந்தார். பத்து வருடம் கழித்து அதே டாட்ஜர்ஸ் அணியில் டான் டிரைஸ்டேல். 1965-இல் உலகத் தொடர் (இரண்டு லீக் சாம்பியன்களும் மோதும் இறுதித் தொடர்) வென்ற அந்த அணியில் சராசரி .300-ஐத் தொட்டவர் அவர் ஒருவர்தான். வழக்கமான பேட்டர் எவருக்கும் முடியவில்லை.

அப்புறம் பேப் ரூத். 1916-இல் அமெரிக்கன் லீக்கிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, 1.75) வைத்த இடக்கை பிட்சர். 1918-இல் 13 ஆட்டம் வென்றுகொண்டே 11 ஹோம் ரன் அடித்து லீக்கில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

எண் குருவி:

நீங்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் உண்மை. ஆனால் பெரும்பாலும் 1970-க்கு முந்தியவை என்பதைக் கவனியுங்கள். பிட்சர்களின் பேட்டிங் ஒரேயடியாகக் கெடவில்லை, பத்தாண்டுக்குப் பத்தாண்டு சரிந்துகொண்டே வந்தது. வீச்சின் தரம் ஏறிக்கொண்டே போனது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பிட்சர்களுக்கு பேட் பிடிக்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

பள்ளியில் பிட்சராக இருக்கும் பையன்தான் அணியில் சிறந்த பேட்டராகவும் இருப்பான். கல்லூரிக்குப் போனால் அங்கே டி.ஹெச். மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில் எல்லா ஆட்டத்திலும் டி.ஹெச். அதன் மேல்படிகளான டபுள்-ஏ, டிரிபிள்-ஏ வந்த பிறகும், ஆடும் இரண்டு அணிகளும் நேஷனல் லீக்கைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் பிட்சர் பேட் பிடிப்பார். இப்படி ஐந்தாறு வருடம் பேட்டைத் தொடாமல் வளர்த்துவிட்டு, திடீரென்று உலகின் மிகச் சிறந்த வீச்சுக்கு முன்னால் நிறுத்தினால் .110 வராமல் என்ன வரும்?

சமீப காலத்தில் நன்றாக ஆடிய பிட்சர்கள் சிலரைப் பார்த்தால் பின்னணி தெரியும். ஜேகப் டிகிராம் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்). 2021-இல் அவருடைய பேட்டிங் சராசரி .364. ஜூன் தொடக்கத்தில், அவர் வீச்சில் கொடுத்த ரன்னை விட (ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக) பேட்டால் ஓட்டிவந்த ரன் அதிகமாக இருந்தது!

மலர்விழி:

அது நம்பவே முடியாத கணக்கு.

பேட்டிங், பன்ட் பேசியாகிவிட்டது. ஓட்டம்? பிட்சர் எப்படியோ முதல் பேஸுக்குப் போய்விட்டால் அப்புறம் என்ன செய்வார்?

பழைய ஸ்கோர்கார்டு:

முதலில் ஜாக்கெட் போட்டுக்கொள்வார். நிஜமாகத்தான் சொல்கிறேன். வீசும் கை குளிர்ந்துவிடக் கூடாது என்று, பேஸில் நிற்கும் பிட்சர் மட்டும் ஜாக்கெட் அணிந்துகொள்ள அனுமதி உண்டு. டக்அவுட்டிலிருந்து ஒருவர் ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மாட்டிவிட்டுப் போவார். ஜூலை வெயிலிலும் சில பேர் போட்டுக்கொள்வார்கள்.

பிறகு, அநேகமாக ஒன்றும் செய்ய மாட்டார். பேஸிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பார். சறுக்கி விழாதே, கையைத் தரையில் ஊன்றாதே, தலை முன்னால் பாயாதே என்றுதான் அவருக்கு உத்தரவு. வேறொருவர் இரண்டாம் பேஸிலிருந்து சுலபமாக ரன் எடுக்கும் ஹிட்டுக்கு இவர் மூன்றாம் பேஸில் நின்றுவிடுவார். இது ஸ்கோர்கார்டில் எங்கேயும் பதிவாகாத நஷ்டம்.

இரண்டு அவுட்டில் பேஸுக்குப் போனால் இன்னொரு சங்கடம். அடுத்தவர் முதல் பந்திலேயே அவுட் ஆனால், மூச்சிரைக்க நேராக மவுண்டுக்கு (பந்து வீசும் மேட்டுக்கு) போக வேண்டும். அதனால் அடுத்து பேட் பிடிப்பவர் ஷூ லேஸைச் சரிசெய்வார், கையுறையை அவிழ்த்து மாட்டுவார், முதல் பந்தை அடிக்காமல் விடுவார். நல்ல பந்தாக இருந்தாலும் விடுவார்! அம்பயர்களும் கொஞ்சம் கண்டும் காணாமல் இருப்பார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. பாப் கிப்சன் வாழ்நாளில் 13 பேஸ் திருடினார். அண்மைக் காலத்தில் ஸாக் கிரெய்ன்கி 9 ஹோம் ரன், 9 திருட்டு. இரண்டையும் பத்தாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், டி.ஹெச். வந்து கெடுத்துவிட்டது.

பழைய கதை ஒன்று. 1934 உலகத் தொடர், நான்காம் ஆட்டம். செயின்ட் லூயிஸ் அணியின் நட்சத்திர பிட்சர் டிஸி டீன், இன்னொருவருக்குப் பதிலாக ஓடப் போனார். அந்த வருடம் 30 ஆட்டம் வென்ற பிட்சரை ஓட அனுப்புவதே வேடிக்கை. இரட்டை அவுட்டைத் தடுக்க இரண்டாம் பேஸுக்குப் பாய்ந்தபோது டெட்ராய்ட் ஷார்ட்ஸ்டாப் எறிந்த பந்து நேராகத் தலையில். தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வந்து வீசித் தோற்றார். ஆனால் ஏழாம் ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் இரண்டு ஹிட் அடித்து, 11-0 என்று வென்று கோப்பையை வாங்கிக்கொடுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், தலையில் ஒன்றும் இல்லை என்று செய்தி வந்ததாக ஒரு நகைச்சுவை இன்றுவரை ஓடுகிறது.

டிஹெச் கட்சி:

டிஸி டீன் தப்பித்தார். சியென்-மிங் வாங் தப்பிக்கவில்லை. தைவான்காரர், யாங்கீஸ் அணிக்காக 2006-இலும் 2007-இலும் தலா 19 ஆட்டம் வென்றவர். 2008 ஜூன் 15, ஹூஸ்டன். யாங்கீஸ் ஆடுவது டி.ஹெச். இருந்த அமெரிக்கன் லீக்கில், ஆனால் ஹூஸ்டன் அப்போது நேஷனல் லீக் மைதானம் என்பதால் பேட் பிடிக்க வேண்டியதாயிற்று. பேஸுக்குப் போனார், மூன்றாம் பேஸைத் தாண்டி ஹோமுக்கு ஓடும்போது வலது பாதத்தில் தசைநார் கிழிந்தது. அதோடு பழைய வாங் போய்விட்டார். இத்தனைக்கும் அது சாதாரண ஓட்டம், மோதல் கூட இல்லை. 2015-இல் ஆடம் வெய்ன்ரைட் பேஸ் ஓடும்போது குதிகால் தசைநாரை அறுத்துக்கொண்டார்.

இதற்கு உங்கள் பதில் என்ன, ஸ்கோர்கார்டு சார்?

இடக்கைக்காரர்:

வெய்ன்ரைட் பேஸ் வரை போகவே இல்லை. மேலே எழும்பிய பந்து ஒன்றை அடித்துவிட்டு பேட்டிங் கட்டத்திலிருந்து கிளம்பும் முதல் அடியிலேயே அது நடந்தது.

வாங் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது நேர்மாறு. அவர் அமெரிக்கன் லீக் பிட்சர். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் முழு வேகத்தில் பேஸ் சுற்றி ஓட வைக்கப்பட்டவர். பேஸ் ஓட்டம் நேர்க்கோட்டு ஓட்டம் இல்லை. ஒவ்வொரு பேஸின் உள்மூலையிலும் காலை ஊன்றி உடம்பை இடப்பக்கம் சாய்த்துத் திரும்ப வேண்டும், வலது பாதம்தான் பாரத்தை வாங்கும். பழக்கமே இல்லாதவரை ஓட விட்டது அணியின் தவறு. ஓட்டத்தின் மீது பழி போடக் கூடாது.

அதே மாதம், எட்டு நாள் கழித்து, சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் நியூயார்க்கில் ஜோஹன் சன்டானா பந்தில் கிராண்ட் ஸ்லாம் அடித்தார். மூன்று பேஸிலும் ஆள், நான்கு ரன். அமெரிக்கன் லீக் பிட்சர் ஒருவர் கிராண்ட் ஸ்லாம் அடித்தது 1971-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதே ஆட்டத்தில் அவருக்குக் கணுக்காலில் அடிபட்டது. எப்படி? ஹோம் பிளேட்டைக் காக்கப் போய், ஃபீல்டராக. பிட்சர் மைதானத்தில் நின்றாலே ஆபத்துதான். எல்லாவற்றையும் விட ஆபத்து வீசுவதில். முழங்கை அறுவை சிகிச்சைக்கு வரிசையில் நிற்பவர்கள் யாரும் பேட் பிடித்து அங்கே போகவில்லை.

கடைசி இன்னிங்ஸ்:

ஒன்றைக் கேட்கிறேன். டி.ஹெச். இல்லாத ஆட்டத்தில் மேனேஜருக்கு நிறைய மூளை வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. பிட்சர் வந்தால் பன்ட், ஏழாவது இன்னிங்ஸில் அவர் முறை வந்தால் மாற்று பேட்டர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எண் குருவி:

பாதி முடிவுகள் அப்படித்தான், தானாகவே எழுதப்பட்டவை. மீதிப் பாதிதான் சுவாரசியம்.

ஆறாவது இன்னிங்ஸ், உங்கள் பிட்சர் அபாரமாக வீசிக்கொண்டிருக்கிறார், ஆனால் 0-1 என்று பின்தங்கி இருக்கிறீர்கள். இரண்டு அவுட், இரண்டாம் பேஸில் ஆள், பிட்சர் முறை. அவரை எடுத்துவிட்டு நல்ல பேட்டரை அனுப்பினால் ஒரு ரன் வரலாம், ஆனால் மூன்று இன்னிங்ஸ் வீசப் போவது யார்? இதற்குச் சரியான விடை கிடையாது. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

எட்டாவது பேட்டருக்கு வாக் கொடுப்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. வாக் கொடுத்துப் பிட்சரை அவுட் செய்தால், அடுத்த இன்னிங்ஸை எதிரணி தன் முதல் பேட்டரோடு தொடங்கும். எட்டாவது ஆளோடு மோதி அவரை அவுட் செய்தால், அடுத்த இன்னிங்ஸ் பிட்சரோடு தொடங்கும். இன்றைக்கு ஒரு ரன்னைத் தடுப்பதா, அடுத்த இன்னிங்ஸை முடமாக்குவதா?

டோனி லா ரூஸா 1998-இல் பிட்சரை எட்டாவது இடத்தில் ஆட வைத்தார். ஊரே சிரித்தது. மார்க் மெக்வயர் மூன்றாம் இடத்தில் 70 ஹோம் ரன் அடித்துக்கொண்டிருந்த வருடம். அவருக்கு முன்னால் பேஸில் ஆள் இருக்க வேண்டுமென்றால், முதல் பேட்டருக்கு முன்னால் பிட்சர் நிற்கக் கூடாது, ஒரு நிஜமான பேட்டர் நிற்க வேண்டும். பின்னால் மேடனும் கப்ஸில் அதையே செய்தார். சிரிக்க ஆள் இல்லை.

டிஹெச் கட்சி:

இதெல்லாம் பலவீனத்தை மறைக்கும் வித்தை. அந்தப் பலவீனமே இல்லாமல் ஆட்டம் நடத்தலாம் என்று கானி மேக் 1906-லேயே சொல்லிவிட்டார். 1928-இல் நேஷனல் லீக் தலைவர் ஜான் ஹெய்ட்லர் அதையே முன்மொழிந்தார். அப்போது எதிர்த்தது யார் தெரியுமா? அமெரிக்கன் லீக்! கடைசியில் 1973-இல் அந்த லீக்கே கொண்டுவந்தது. ஏப்ரல் 6, பாஸ்டன், ரான் பிளாம்பர்க் முதல் டி.ஹெச். அவர் முதல் முறை வந்தபோது பேஸ் மூன்றும் நிரம்பியிருந்தது, வாக் வாங்கி ஒரு ரன்னைத் தள்ளினார். நல்ல சகுனம்.

பழைய ஸ்கோர்கார்டு:

அடுத்த வருடமே அதற்கு ஒரு பதில் வந்ததே. உலகத் தொடரில் அப்போது டி.ஹெச். கிடையாது. 1974-இல் ஓக்லண்ட் பிட்சர் கென் ஹோல்ட்ஸ்மன், சீசன் முழுக்க பேட்டிங் வேலை இல்லாமல் இருந்தவர், நான்காம் ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்தார். அதற்குப் பிறகு உலகத் தொடரில் ஹோம் ரன் அடித்த பிட்சர் 2008-இல் ஜோ பிளான்டன் ஒருவர்தான். 1970-இல் பால்டிமோரின் டேவ் மெக்னாலி கிராண்ட் ஸ்லாமே அடித்திருக்கிறார். உலகத் தொடரில் வேறெந்த பிட்சரும் அதைச் செய்யவில்லை.

.110 என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் பத்தில் ஒன்பது தடவை நடக்காது என்று தெரிவதால்தான் நடக்கும்போது மைதானமே எழுந்து நிற்கிறது. 2016-இல் பார்ட்டோலோ கொலோன் 42 வயதில் தன் முதல் ஹோம் ரன்னை அடித்து, ஆற அமரப் பேஸ்களைச் சுற்றி வந்ததை உங்களால் சிரிக்காமல் பார்க்க முடியுமா?

டிஹெச் கட்சி:

கொலோனை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். வேறு யாரையும் இல்லை.

இடக்கைக்காரர்:

டேனியல் காமரேனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 ஜூலை 8, சான் டியாகோ 8-0 என்று பின்தங்கியிருந்த ஆட்டம். புதிதாக வந்த ரிலீஃப் பிட்சர். எதிரே ஷெர்ஸர். அடித்தது கிராண்ட் ஸ்லாம், அதுதான் அவருடைய முதல் ஹிட். சான் டியாகோ 9-8 என்று வென்றது.

அதற்கு நான்கு நாள் முன்பு அட்லாண்டாவில் மேக்ஸ் ஃபிரீட், பெஞ்ச் காலியாகி மாற்று பேட்டராக வந்து பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ஹிட் அடித்தார். பிட்சருக்கான கடைசி சில்வர் ஸ்லக்கரும் அவருக்கே. அந்த வருட உலகத் தொடரில் கிரெய்ன்கி மாற்று பேட்டராக வந்து ஹிட் அடித்தார். 1923-க்குப் பிறகு உலகத் தொடரில் எந்த பிட்சரும் செய்யாதது. போகிற போக்கில் நன்றாகத்தான் விடைபெற்றார்கள்.

கடைசி இன்னிங்ஸ்:

ஒடானியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லையே?

எண் குருவி:

அவரைச் சேர்த்தால் .110 கெட்டுப்போகும்.

விதிப்படியே அவர் தனி ரகம். 2022-இல் எல்லா அணிக்கும் டி.ஹெச். வந்தபோது, தொடக்க பிட்சரே டி.ஹெச்.-ஆகவும் இருந்தால், வீசுவதை நிறுத்திய பிறகும் பேட்டிங்கைத் தொடரலாம் என்று சேர்த்தார்கள். நடைமுறையில் ஒரே ஆளுக்கான விதி. 2025 அக்டோபர் 17 அன்று மில்வாக்கிக்கு எதிராக 6 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 10 ஸ்ட்ரைக்கவுட் எடுத்து, கூடவே மூன்று ஹோம் ரன்.

ஆனால் ஓட்டத்தில் அவரும் விதிவிலக்கு இல்லை. 2024-இல் வீசாத வருடத்தில் 59 பேஸ் திருடினார். அந்த வருட உலகத் தொடரில் இரண்டாம் பேஸைத் திருடப் போய் இடது தோள் நழுவி, அறுவை சிகிச்சை. நல்லவேளை, வீசுவது வலது கை. மறுவருடம் மவுண்டுக்குத் திரும்பியபோது திருட்டு 20-ஆகக் குறைந்தது.

மலர்விழி:

அப்படியானால் பிட்சர் பேட் பிடிப்பதைப் பார்க்க இனி பழைய பதிவுகள்தான் கதியா?

பழைய ஸ்கோர்கார்டு:

ஜப்பானில் சென்ட்ரல் லீக் இருக்கிறது, ஆனால் 2027 முதல் அங்கேயும் டி.ஹெச். என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே இன்னொரு லீக்கான பசிபிக் லீக் 1975-லேயே மாறிவிட்டது.

பன்ட் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் கவலை வேண்டாம். ஜப்பானில் பன்ட் செய்ய பிட்சராக இருக்க வேண்டியதில்லை, இரண்டாம் இடத்து பேட்டரே செய்வார். யோமியூரி ஜயன்ட்ஸின் மசாஹிரோ கவாய் வாழ்நாளில் 533 தியாக பன்ட் செய்தார். உலகிலேயே அதிகம். அவர் இன்ஃபீல்டர்.

டிஹெச் கட்சி:

533 அவுட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு அதற்குச் சாதனை என்று பெயர். எண் குருவி, உங்கள் 0.85 கணக்கைக் கொஞ்சம் ஜப்பானுக்கு அனுப்பி வையுங்கள்.